நீரில் போட்டதை எப்போது வெளியே எடுப்பது

குடிநீருக்கு மணமேற்றுவது பற்றிய குறிப்புகளில் எதையெல்லாம் போடலாம் என்ற பட்டியல் நீளமாக இருக்கும். எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்பது மட்டும் "இரவு முழுக்க வைத்துவிடுங்கள்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். இந்த ஒரு வரிதான் நிறையப் பேரை இந்தப் பழக்கத்தைவிட்டே விரட்டுகிறது. தோலோடு இரவெல்லாம் ஊறிய எலுமிச்சைத் தண்ணீர் காலையில் கசக்கிறது. புதினாத் தண்ணீரில் பச்சை வாடை அடிக்கிறது. வெள்ளரிக்காய் கொழகொழத்துக் கிடக்கிறது. போட்ட பொருளில் ஒரு குறையும் இல்லை, எடுக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

மணமேற்றிய நீரில் நாக்குக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். லேசான புளிப்பு, அதைவிட லேசான இனிப்பு. மீதியெல்லாம் மூக்கின் வேலை. இலையிலும் தோலிலும் உள்ள மணப்பொருட்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால் அவை முதலில் நீருக்குள் வந்துவிடும். கசப்பும் துவர்ப்பும் உள்ளே இருப்பவை, மெதுவாக இறங்குபவை. மணம் இறங்கி முடிந்து கசப்பு தொடங்கும் அந்த இடைவெளியில் பொருளை எடுத்துவிட வேண்டும். புதினாவுக்கு அந்த இடைவெளி சில மணி நேரம், ரோஸ்மேரிக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம், வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய எலுமிச்சைத் தோலுக்கு ஓர் இரவு. கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

முதலில் தண்ணீர்

குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரில் எதைப் போட்டாலும் எடுபடாது. அது மட்டுமல்ல, குளோரின் தாவரங்களில் உள்ள பீனால் வகைப் பொருட்களோடு சேரும்போது குளோரோபீனால்கள் உருவாகலாம். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும் மருந்து வாடை அவற்றுக்கு உண்டு. புதினாத் தண்ணீரில் டிஞ்சர் வாடை வந்தால் புதினாவை மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்.

வாயகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணி போட்டுச் சில மணி நேரம் வைத்தாலும், கொதிக்கவிட்டு ஆறவைத்தாலும் குளோரின் போய்விடும். குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் சேர்க்கப்பட்ட தண்ணீர் என்றால் திறந்து வைப்பது உதவாது. அதற்கு நல்ல கார்பன் ஃபில்டர் வேண்டும்.

கடின நீரில் வேறொரு சிக்கல். அதில் உள்ள பைகார்பனேட் எலுமிச்சையின் அமிலத்தில் ஒரு பகுதியை முறித்துவிடும். அதே அளவு சாறு பிழிந்தாலும் ஒரு வீட்டுத் தண்ணீர் சுள்ளென்று இருப்பதும் இன்னொரு வீட்டில் சப்பென்று இருப்பதும் இதனால்தான். கடின நீர் என்றால் லிட்டருக்கு அரை ஸ்பூன் சாறு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மணமேற்றுவது சுத்திகரிப்பு அல்ல. எலுமிச்சையோ இஞ்சியோ துளசியோ சுகாதாரமற்ற நீரைக் குடிக்கத் தகுந்ததாக மாற்றாது. ஏற்கெனவே குடிக்கத் தகுந்த நீரில்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எலுமிச்சை: தோல் வேறு, வெள்ளை வேறு, சாறு வேறு

எலுமிச்சையைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள், அதிகம் கெடுப்பதும் அதைத்தான். ஒரு பழத்தில் மூன்று தனித்தனிப் பொருட்கள் இருக்கின்றன. வெளியே நிறமுள்ள மெல்லிய தோல், அதில் எண்ணெய்ப் பைகள். அந்த எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன், எலுமிச்சைக்கே உரிய மணத்தைத் தருவது சிட்ரால். அடுத்தது வெள்ளைப் பகுதி, அதில் கசப்பைத் தவிர நமக்கு வேண்டியது எதுவும் இல்லை. உள்ளே சதை, அதில் சிட்ரிக் அமிலம்.

அறுக்கும்போது கசக்காத பழம் சில மணி நேரத்தில் கசப்பது ஏன்? கசப்புக்குக் காரணமான லிமோனின் (மேலே சொன்ன லிமோனீன் வேறு, இது வேறு) முழுப் பழத்தில் கசப்பில்லாத வேறொரு வடிவில் இருக்கிறது. அறுத்ததும் சாற்றின் அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசக்கும் லிமோனினாக மாற்றுகிறது. பழத்தை மாற்றிப் பயனில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். விதைகளில் இந்தப் பொருள் இன்னும் அதிகம். அதனால் வட்டமாக அரிந்து போடுவதானால் விதையை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

அரிந்து போடும் முறைக்கு ஒரு லிட்டருக்கு அரைப் பழம், மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நாலைந்து துண்டு போதும். வெளியே வைத்தால் ஒன்றரை மணி நேரம், ஃப்ரிட்ஜில் என்றால் மூன்று முதல் நாலு மணி நேரம். அதோடு துண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

நான் பரிந்துரைப்பது இதையல்ல. காய்கறித் தோல் சீவும் பீலரால் நிறமுள்ள தோலை மட்டும் விரல் நீளத்துக்கு மூன்று நாலு பட்டைகளாகச் சீவுங்கள். சீவிய பட்டையைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் மஞ்சளோ பச்சையோ தெரிந்து, எண்ணெய்ப் பைகள் புள்ளி புள்ளியாகக் கண்ணில் பட்டால் சரியான கனம். வெள்ளையாக இருந்தால் கத்தி நுனியால் அந்த வெள்ளையைச் சுரண்டிவிடுங்கள். பிறகு ஜாடியின் வாய்க்கு நேராகப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய எண்ணெய்த் தூறல் தெறிப்பது தெரியும், நீரின் மேல் அது படலமாக மிதக்கும். பட்டையையும் உள்ளே போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் எட்டு முதல் பத்து மணி நேரம்வரை கசப்பு எட்டிப் பார்க்காது. சாறு, குடிக்கும் நேரத்தில் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி. தோலிலிருந்து மணம், சாற்றிலிருந்து புளிப்பு என்று இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிவதுதான் இந்த முறையின் பெரிய வசதி.

கடைகளில் வரும் பழங்கள் பலவற்றில் மெழுகுப் பூச்சு இருக்கும். வெதுவெதுப்பான நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுச் சீவுங்கள். சோப்பு வேண்டாம், தோல் அதை உறிஞ்சிவிடும். எலுமிச்சைச் சாறும் தோல் எண்ணெயும் பட்ட கையோடு வெயிலில் போகவும் கூடாது. அவற்றில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் வெயில் பட்டால் தோலில் சிவப்பும் கொப்புளமும் வரவைக்கும், அந்தக் கறை ஆறப் பல நாள் ஆகும்.

ஆரஞ்சுக்கும் இதே கணக்குத்தான். எலுமிச்சையைவிடப் பெரிய பழம்தான், ஆனாலும் புளிப்புக் குறைவு என்பதால் லிட்டருக்கு அரைப் பழம்வரை போகலாம். கிரேப்ஃப்ரூட் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. சிலவகைக் கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் சிதையும் வேகத்தை அது குறைத்துவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தினசரி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தண்ணீரில் போட வேண்டாம்.

இலைகளைக் கசக்காதீர்கள்

புதினாவின் மணம் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் ஒரு தட்டுத் தட்டினாலே அவை உடைந்துவிடும். இடித்தாலோ கசக்கினாலோ இலையின் உள் அறைகளும் உடைகின்றன, பச்சையமும் இலையைக் கறுக்கவைக்கும் நொதியும் வெளியே வருகின்றன. தண்ணீர் பச்சை பாரித்து, கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, வெட்டிய புல்லின் வாடை அடிப்பதற்கு இதுதான் காரணம்.

லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு இலை. காம்பு கசக்கும், கிள்ளிவிடுங்கள். அகன்ற பாத்திரத்து நீரில் அமிழ்த்தி அலசி, இலையை மட்டும் மேலே அள்ளி, அடியில் தங்கும் மண்ணோடு நீரைக் கொட்டிவிட வேண்டும். மண் வராத வரை இரண்டு மூன்று முறை. குழாயடியில் கட்டாகப் பிடித்துக் கழுவினால் இலை மடிப்புகளில் இருக்கும் மண் போகாது.

எடுக்கும் நேரத்தை இலையே சொல்லும். போட்ட புதிதில் விறைப்பாக மிதக்கும். இரண்டு மணி நேரம் போல ஆனதும் துவண்டு கொஞ்சம் கீழே இறங்கும், ஓரங்கள் கருக்கத் தொடங்கும். இலையின் நடுவில் கண்ணாடி போலக் கறை படர்ந்து நிறம் ஆலிவ் பச்சைக்கு மாறினால் அதில் இனி நல்லது எதுவும் மிச்சமில்லை. ஃப்ரிட்ஜில் இந்த நிலை வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெளியே வைத்தால் சீக்கிரமே வந்துவிடும்.

புதினா நீர் குளிர்ச்சியாகத் தோன்றுவதற்கு மென்தால் காரணம். வாயில் குளிரை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை அது தூண்டிவிடுகிறது, நீரின் வெப்பநிலை அப்படியேதான் இருக்கும். ஸ்பியர்மின்ட் வகையில் மென்தால் மிகக் குறைவு, கார்வோன்தான் அதிகம். மணம் இருந்தும் ஜிலுஜிலுப்பு இல்லையே என்று தோன்றினால் இலை அந்த வகையாக இருக்கலாம்.

துளசி, பேசில் இரண்டும் குளிரைத் தாங்காதவை, ஃப்ரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும். ஐந்தாறு இலையை அறை வெப்பத்து நீரில் அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம்வரை போட்டு எடுத்துவிட்டு, நீரை மட்டும் குளிரவைப்பதே சரி. ரோஸ்மேரி இதற்கு நேர் எதிர். குளிர் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் மணம் கடுமை. லிட்டருக்கு ஒரு சிறு கொத்து, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம். அதைத் தாண்டினால் பிசின் வாடை நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளரிக்காய்

முழு வெள்ளரிக்காயை மோந்து பார்த்தால் பெரிதாக மணமிருக்காது. அறுத்த நொடியில்தான் மணம் பிறக்கிறது. அறுபட்ட அறைகளில் உள்ள நொதிகள் காயின் கொழுப்பு அமிலங்களை உடைத்து அந்த மணப்பொருளை உண்டாக்குகின்றன. அதனால் முன்கூட்டியே அரிந்து வைக்காமல் ஜாடிக்கு மேலேயே அரிந்து போடுவதில் உண்மையான பலன் உண்டு. பீலரால் நீளவாக்கில் சீவினால் அறுபடும் பரப்பு கூடும், வட்டத் துண்டுகளைவிட வேகமாக மணம் இறங்கும்.

லிட்டருக்கு 100 கிராம். காம்புப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் காம்புப் பக்கத்திலும் தோலிலும்தான் கூடுதலாக இருக்கும். அந்தத் துண்டு கசந்தால் காயையே ஒதுக்கிவிடுங்கள், ஒரு கசந்த காய் ஜாடி முழுவதையும் கெடுக்கும். அமிலம் குறைவான காய் என்பதால் கிருமிகள் இதில் விரைவாகப் பெருகும். ஃப்ரிட்ஜில்தான் ஊறவைக்க வேண்டும், நாலு மணி நேரம் போதும்.

பட்டை, வேர், விதை: வெந்நீர் கேட்பவை

குளிர்ந்த நீரில் ஏலக்காயைப் போட்டுவிட்டு மணமே வரவில்லை என்பவர்கள் உண்டு. கெட்டியான, காய்ந்த பொருளுக்குள் குளிர்ந்த நீர் நுழைவதற்கே நேரம் பிடிக்கும். இவற்றை முதலில் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அந்தச் சாரத்தைக் குளிர்ந்த நீரில் கலப்பதுதான் வழி. 200 மில்லி வெந்நீர், பத்து நிமிடம், கட்டாயம் மூடி போட்டு. மூடாவிட்டால் மணம் நீரில் தங்காமல் ஆவியோடு போய்விடும். அடுக்களை மணப்பதும் தம்ளர் மணக்காததும் அதனால்தான்.

ஒரு லிட்டர் நீருக்கு ஏலக்காய் மூன்று, வாயைப் பிளந்து. கிராம்பு இரண்டே இரண்டு. அதில் உள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும் பொருள், நாலு போட்டால் நாக்கு நுனி மரக்கும். சோம்பு ஒரு டீஸ்பூன். அதன் அனெத்தோல் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு உணர்வு தருவது. இனிப்பு நீருக்குப் பழகியவர்களைச் சர்க்கரை இல்லாத நீருக்குக் கொண்டுவர இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. சீரகம் அரை டீஸ்பூன், வெறும் சட்டியில் லேசாக வறுத்துப் போட்டால் பச்சை வாடை இருக்காது.

இஞ்சியை துருவிப் போட்டால் காரம் சட்டென்று இறங்கும், கூடவே மாவுச்சத்தும் இறங்கி நீர் கலங்கி அடியில் வெள்ளை வண்டல் தங்கும். நாணயக் கனத்தில் அரிந்த துண்டுகள் லிட்டருக்கு 10 கிராம், அதுவே போதும். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சராலிடமிருந்து வருகிறது. இஞ்சி காயும்போது அது அதைவிடக் காரமான ஷோகவோலாக மாறும். அதனால் சுக்கு போடுவதானால் அளவை நன்றாகக் குறைக்க வேண்டும்.

பட்டையில் இரண்டு வகை. காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்குவது இலங்கைப் பட்டை. ஒரே தடித்த அடுக்காக, உடைக்கக் கடினமாக இருப்பது கேசியா. கேசியாவில் கூமரின் அதிகம், அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. எப்போதாவது குடித்தால் கவலையில்லை. தினமும் பட்டைத் தண்ணீர் குடிப்பவர்கள் இலங்கைப் பட்டையை வாங்குவதே நல்லது. கேசியாவை நெடுநேரம் ஊறவிட்டால் நீர் வழுவழுப்பாகிவிடும், பொடியாகப் போட்டால் இன்னும் மோசம். விரல் நீளத் துண்டு ஒன்று, பத்து நிமிட வெந்நீர், அதற்கு மேல் வேண்டாம்.

வெட்டிவேர் தனி ரகம். லிட்டருக்கு 5 கிராம் எடுத்து, நீர் தெளிவாக வரும்வரை நாலைந்து முறை அலசி, கொதிநீரை ஊற்றி மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைக்கலாம். அதில் கசப்பு இறங்குவது இல்லை, மண்வாசனை மட்டும் ஆழமாகும். பயன்படுத்திய வேரை மறுபடி கொதிக்கவிட்டு வெயிலில் முறுகக் காயவைத்தால் இன்னும் ஓரிரு முறை வரும். அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் போட்டால் பூசணம் பிடித்துவிடும்.

பழங்கள்

ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, தர்பூசணி, ஆப்பிள் எல்லாம் படத்தில் அழகாக இருக்கும். தண்ணீரில் போட்டால் நினைத்த அளவுக்குச் சுவை தராது, ஏனென்றால் அவற்றின் சுவை சாற்றிலும் சர்க்கரையிலும் இருக்கிறது. ஆப்பிளிடம் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது, கறுத்துப்போவதுதான் மிச்சம்.

பெர்ரி வகைகளை உறையவைத்துப் போட்டால் நிலைமை மாறும். உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள் பழத்தின் அறைச் சுவர்களைக் கிழித்துவிடும், உருகும்போது சாறு தானாக வெளியே வரும். லிட்டருக்கு 100 கிராம் உறைந்த ஸ்ட்ராபெர்ரி இரண்டு மணி நேரத்தில் கொடுப்பதைப் புதுப் பழம் நாலு மணி நேரத்திலும் கொடுக்காது. அன்னாசியும் தர்பூசணியும் சர்க்கரை மிகுந்தவை, சீக்கிரம் நொதித்துவிடும். மூன்று நாலு மணி நேரத்தில் வடித்துக் குடித்துவிட வேண்டும். வடித்த பழத்தைச் சாப்பிடலாம், சுவை குறைந்திருந்தாலும் நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது.

பூக்களில் ஒன்றே ஒன்று. ரோஜா இதழ் போடுவதானால் உண்பதற்கென்று வளர்த்த பூவாக இருக்கட்டும். அலங்காரத்துக்கு வரும் பூவில் அடித்த பூச்சிமருந்து கழுவினால் போகும் என்று நம்ப முடியாது.

சேர்க்கும் வரிசை

இரண்டு மூன்று பொருட்களைச் சேர்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டுவதுதான் பொதுவான தவறு. மெதுவானது முதலில், வேகமானது கடைசியில். இஞ்சி, எலுமிச்சை, புதினா சேர்த்து இரண்டு லிட்டர் செய்வதை எடுத்துக்கொள்வோம்.

அரிந்த இஞ்சி 20 கிராமை 200 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் மூடிவைத்து வடித்து, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது எலுமிச்சையைச் சேர்த்தால் அதன் மணம் பறந்துவிடும். ஆறியதை 1.8 லிட்டர் குளிர்ந்த நீரில் ஊற்றி, எலுமிச்சைத் தோல் பட்டைகள் ஆறை முறுக்கிப் போட்டு ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம். பிறகு தட்டிய புதினா இலை இருபது. இன்னும் மூன்று மணி நேரம் கழித்துப் புதினாவை மட்டும் எடுத்துவிடுங்கள், தோல் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். பரிமாறும்போது எலுமிச்சைச் சாறு 15 மில்லி. இலைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதற்குப் பதில் வடிகட்டும் கூடை உள்ள ஜாடியோ, மெல்லிய துணி முடிச்சோ இருந்தால் ஒரு நொடி வேலை.

சுவை மெலிந்து தெரிந்தால் பொருளைக் கூட்டுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, குளிர். மிகக் குளிர்ந்த நீரில் இனிப்பும் மணமும் மங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் குடித்தால் அதே நீர் வேறு மாதிரி இருக்கும். இரண்டு, குடிக்கும் பாத்திரம். குறுகிய வாய் பாட்டிலில் மூக்குக்கு வேலையே இல்லை, அகன்ற தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மூன்று, உப்பு. ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, உப்பென்று நாக்குக்குத் தெரியாத அளவு போட்டால் கசப்பு அடங்கும், இனிப்பு கொஞ்சம் மேலே வரும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதை விட்டுவிடலாம்.

சோடாவில் செய்ய விரும்பினால் பொருட்களை நேரே அதில் போடாதீர்கள். ஒவ்வொரு இலை விளிம்பிலும் குமிழி கூடி வாயு வெளியேறிவிடும். இரட்டிப்பு அளவுப் பொருளோடு சாதாரண நீரில் சாரம் எடுத்து, வடித்துக் குளிரவைத்து, குடிக்கும்போது சோடாவைச் சரிபாதி ஊற்றிக்கொள்வதே வழி.

எவ்வளவு நேரம் வைக்கலாம்

அரிந்த பழமும் இலையும் கிடக்கும் நீர் வெறும் நீர் அல்ல, அது உணவு. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியிருந்தாலும் இதேதான், ஏனென்றால் கிருமி வருவது இலையோடும் தோலோடும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். பொருள் ஊறிக்கொண்டிருந்தால் அன்றைக்கே, வடித்து மூடி வைத்தால் மறுநாளுக்குள் குடித்து முடித்துவிடுங்கள். நுரை, லேசான பொங்கல், நூல் போன்ற வழுவழுப்பு, கள் வாடை இதில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டும். அதே பழத்துக்கு மேல் இரண்டாம் முறை நீர் ஊற்றுவதில் சுவையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

உடலுக்கு என்ன

நீர் அதிகமாகக் குடிக்கத் தோன்றும், சர்க்கரைப் பானங்கள் குறையும். இந்த இரண்டும் உண்மையான, பெரிய நன்மைகள். உடலின் கழிவை நீக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கழிவை நீக்குவது சிறுநீரகமும் கல்லீரலும். 10 மில்லி எலுமிச்சைச் சாற்றில் சுமார் 4 மில்லிகிராம்தான் வைட்டமின் சி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 75 முதல் 90 மில்லிகிராம். அதைப் பழமாகச் சாப்பிட்டால்தான் கணக்கு சேரும்.

பல் விஷயத்தில் அக்கறை தேவை. பிஹெச் 5.5-க்குக் கீழே போனால் பல் எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும், எலுமிச்சை நீர் எளிதாக 4-க்குக் கீழே இறங்கிவிடும். நாள் முழுக்க ஒவ்வொரு வாயாக உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் பல்லுக்கு மிகவும் கெடுதல். உணவோடு சேர்த்துக் குடியுங்கள், பிறகு வெறும் நீரில் வாய் கொப்பளியுங்கள், அரை மணி நேரம் பிரஷ் பிடிக்காதீர்கள். நாள் முழுக்கக் குடிக்க வேண்டும் என்றால் புளிப்பில்லாத வெள்ளரி, புதினா, சோம்பு நீரே ஏற்றது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா அதைக் கூட்டலாம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த நீரும் வேண்டாம், மணமேற்றியதும் சேர்த்துத்தான்.

ஜாடியும் பாட்டிலும்

கண்ணாடி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். செம்பு, பித்தளை, பூச்சில்லாத அலுமினியப் பாத்திரங்களில் புளிப்பான எதையும் ஊறவைக்கக் கூடாது, அமிலம் உலோகத்தைக் கரைத்து நீரில் சேர்த்துவிடும். செம்புக்குடத்து நீரில் எலுமிச்சை பிழிய விரும்பினால் தம்ளரில் ஊற்றிய பிறகு பிழிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் பிரச்சினை வேறு. சிட்ரஸ் எண்ணெயை அது தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். இன்றைய நீரில் மணம் குறையும், நாளை ஊற்றும் வெறும் நீரில் பழைய எலுமிச்சை வாடை வரும்.

மூடியில் உள்ள சிலிக்கோன் வளையத்தைப் பெரும்பாலானவர்கள் கழற்றுவதே இல்லை. பழச்சாறும் இலைத் துணுக்கும் அதன் பின்னால்தான் போய்த் தங்கி வழுக்கும் படலமாகப் படிகின்றன, பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாததற்கு அதுவே காரணம். மெல்லிய ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்து, வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் தேய்த்து, இரண்டையும் தனித்தனியே முழுக்கக் காயவைத்த பிறகே மறுபடி மாட்ட வேண்டும்.